செப்புத்தகட்டில் மறைந்த பினாங்கு: பழைய எட்சிங் படங்களிலிருந்து இடிந்துபோன கட்டடங்களை மீட்டுப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் ஒரு கோபுரம் இருந்தது. உள்ளூரில் புதுவெளிக் கோபுரம் என்பார்கள், கப்பல்காரர்களுக்கு அது சீனக் கோபுரம். கடாரத்து (இன்றைய கெடா) அரசன் மாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் இராசராச சோழன் காலத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். 1867இல் அதை இடித்துவிட்டார்கள். எப்படி இருந்தது என்று இன்று யாராவது கேட்டால் எடுத்துக்காட்ட மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை சர் வால்டர் எலியட் 1846இல் நேரில் பார்த்து எழுதிய குறிப்பும், அதோடு 1878இல் அச்சில் வந்த படமும்தான். ஒரு கோபுரத்தின் உயிர் ஒரு தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். கடாரம் எங்களுக்கு எதிர்க்கரை. அதனாலோ என்னவோ, இந்த ஊரின் பழைய அச்சுப்படங்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கோபுரம்தான் முதலில் நினைவுக்கு வரும். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனிலும் அப்படிப் போன கட்டடங்கள் ஏராளம். நீபோங் என்னும் பனைவகை மரத்தால் ஆன முதல் கோட்டை, மலைமேல் இருந்த பங்களாக்கள், ஓடை நீரில் சுற்றிய ஆலைகள், கடலைத் தொட்டுக்கொண்டிருந்த கிட்டங்கிகள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். புகைப்படக்கருவி வருமுன் மறைந்தவற்றுக்குச் சாட்சி செப்புத்தகட்டில் அரித்து அச்சிட்ட எட்சிங் படங்களே. கோலாலம்பூருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அந்த நகரம் 1850களின் இறுதியில் பிறந்து, 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்து, செங்கல்லில் எழுந்தபோது புகைப்படக் காலம் வந்துவிட்டது. எட்சிங் வழியாக ஒரு நகரத்தைத் தேட வேண்டுமென்றால் பினாங்கு நல்ல இடம்.

இப்படங்களைச் சாட்சியை விசாரிப்பதுபோல விசாரிக்க வேண்டும் என்பது என் பல ஆண்டு அனுபவம். அப்படியே நம்பவும் கூடாது, வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் கூடாது. அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர் வைரம் பார்க்கும் 10 மடங்கு உருப்பெருக்கி ஒன்று. லிட்டில் இந்தியாவில் பத்தர்களிடம் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். பென்சில் (பேனா வேண்டாம்), அளவுகோல், கைப்பேசி, தாளைப் பின்னாலிருந்து பார்க்க ஒரு வெள்ளை விளக்கு. அசல் அச்சு கையில் இல்லாவிட்டாலும் தொடங்கலாம். பிரிட்டிஷ் நூலகம், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம், சிங்கப்பூர் தேசிய நூலகம் ஆகியவற்றின் தொகுப்புகளில் பினாங்குக் காட்சிகள் இருக்கின்றன. பினாங்கு மாநில அருங்காட்சியகத்தில் அச்சுக்கு மூலமான எண்ணெய் ஓவியங்களே உண்டு. எந்தக் கட்டடம் திறந்திருக்கிறது, எவை காட்சியில் இருக்கின்றன என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை அச்சு?

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு ஓடுபவர்கள்தான் அதிகம். நானும் ஒருமுறை ஓடினேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில் ‘அசல் எட்சிங்’ என்று சொல்லி விற்ற கடற்கரைக் காட்சி ஒன்றை 300 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியை வைத்ததும் வானம் முழுக்க ஒரே சீரான புள்ளிகள், வரிசை பிசகாமல். அது இருபதாம் நூற்றாண்டுப் புத்தகத்திலிருந்து வெட்டிய பக்கம். அன்றிலிருந்து படத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன் அதன் தோலைப் பார்க்கிறேன்.

எட்சிங் செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் அடையாளம் காண்பது எளிது. மெருகேற்றிய செப்புத்தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சை மெல்லியதாகத் தடவுவார்கள். ஊசியால் பூச்சைக் கீறிக் கோடு வரைவார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் இறக்க வேண்டும். பூச்சு கீறப்பட்ட இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். தூரத்து மலைக்கு மெல்லிய கோடு போதும் என்றால் சற்று நேரத்தில் எடுத்து, அந்தப் பகுதியை வார்னிஷால் மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் மரத்துக்காக மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். அதனால் ஒரே தகட்டில் மெல்லிய கோடும் ஆழமான கோடும் இருக்கும். கடைசியில் மையைத் தேய்த்துப் பள்ளத்தில் இறக்கி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளை அழுத்தியில் செலுத்தினால், தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை உறிஞ்சிக்கொண்டு வரும்.

இதனால் மூன்று தடயங்கள் தங்கிவிடுகின்றன. படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய நீள்சதுரப் பள்ளம் தெரியும் (ஓரத்தை வெட்டிவிட்டிருந்தால் தெரியாது). மைக்கோடு தாளின் மட்டத்துக்குச் சற்று மேலே புடைத்திருக்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பார்க்கலாம். கோட்டின் முனை மழுங்கி ஒரே பருமனில் முடியும். கூரிய உளியால் நேரடியாகச் செதுக்கிய என்கிரேவிங்கில் கோடு இடையில் தடித்து, முனையில் வாள்முனைபோலக் கூராகும்.

பினாங்கின் மிகச் சிறந்த படங்கள் அக்குவாடின்ட் வகை. எட்சிங்கின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின்மேல் பிசின்பொடியைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்துவிட்டு அமிலத்தில் இறக்குவார்கள். பொடிக்கு இடையே இருக்கும் சந்துகளில் மட்டும் அமிலம் கடிக்கும். வெறுங்கண்ணுக்கு நீர்வண்ணம் தீட்டியதுபோல வழவழப்பாகத் தெரியும் வானம், உருப்பெருக்கியில் பார்த்தால் கோடையில் வெடித்த வயல்சேறுபோல இருக்கும். வெடிப்பெல்லாம் மை, சேற்றுக்கட்டிகள் எல்லாம் வெள்ளைத் தாள். ஒழுங்கே இல்லாத அந்த வலையைக் கண்டதும் மனசுக்குள் ஒரு துள்ளல் வரும், எனக்கு இன்றும் வருகிறது. ஒழுங்கான புள்ளிவரிசை என்றால் 1880களுக்குப் பிந்திய இயந்திர அச்சு. மெழுகுக்கட்டியால் தேய்த்ததுபோன்ற சொரசொரப்பும், தகட்டுத் தடம் இல்லாமையும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் லித்தோகிராஃப் என்னும் கல்லச்சு. 1842இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற இதழ்களில் வந்தவை மரக்கட்டை அச்சுகள்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைத் தேடுங்கள். இங்கிலாந்தின் வாட்மன் தாள்களில் 1794 முதல் ஆண்டும் பதிந்திருப்பது வழக்கம். தாளின் ஆண்டு 1825 என்றால் அந்த அச்சு அதற்கு முன் வந்திருக்க முடியாது. தகட்டில் 1821 என்று வெட்டியிருந்தாலும் அது பிற்கால மறுபதிப்புதான்.

படி 2: அடியில் இருக்கும் எழுத்துகள், மூன்று கைகள்

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கும். பெயருக்குப் பின் ‘டெல்.’ என்று இலத்தீன் சுருக்கம் வந்தால் அவர் வரைந்தவர். ‘பிங்க்ஸ்.’ என்றால் வண்ணம் தீட்டியவர். ‘ஸ்கல்ப்.’ என்றால் தகட்டில் வெட்டியவர். நடுவில் வெளியீட்டாளர் பெயரும் நாளும். 1735இல் இங்கிலாந்தில் வந்த பதிப்புரிமைச் சட்டம் வெளியிட்ட நாளைத் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது, நமக்கு அது பெரிய உதவி. இந்த நாள் அச்சு வெளிவந்த நாள். கட்டடத்தைப் பார்த்த நாள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் இருக்கும்.

பார்த்த கை, வெட்டிய கை, வண்ணம் பூசிய கை என மூன்று கைகளைத் தாண்டித்தான் ஒரு கட்டடம் உங்கள் முன் வந்து நிற்கிறது. ஒவ்வொரு விவரத்தையும் பார்க்கும்போது, இது எந்தக் கையின் வேலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூரைச் சிவப்பை வைத்து ஓட்டுக்கூரை என்று முடிவுகட்டாதீர்கள். லண்டனில் அச்சான படத்துக்குக் கையால் வண்ணம் பூசியவர் பினாங்கின் கூரையைக் கண்டிருக்கவே மாட்டார். சில பிரதிகளுக்கு நூறு ஆண்டு கழித்தும் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். செப்பில் வெட்டிய கோடுகளை நம்புவதில் பாதியளவுகூட வண்ணத்தை நம்ப வேண்டாம்.

படி 3: நிற்கும் கட்டடத்தில் ஓவியரைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். மறைந்த கட்டடத்தைப் பற்றி ஓவியர் சொல்வது உண்மையா என்று நேரடியாகச் சோதிக்க வழியில்லை. அதே ஓவியர் வரைந்து இன்றும் நிற்கும் கட்டடம் ஒன்று இருந்தால், அதை வைத்து அவர் கண்ணும் கையும் எப்படிப்பட்டவை என்று அளந்துவிடலாம்.

பினாங்குக்கு வாய்த்த முதன்மைச் சாட்சி கேப்டன் ராபர்ட் ஸ்மித். வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர், இத்தீவின் மேற்பார்வைப் பொறியாளராக இருந்தவர். 1818 வாக்கில் அவர் தீட்டிய காட்சிகளை வில்லியம் டேனியல் லண்டனில் அக்குவாடின்ட் தகடுகளாக வெட்டினார். 1821இல் பத்துப் படங்கள் கொண்ட தொகுதியாக அவை வெளிவந்தன. தன் சித்தப்பா தாமஸ் டேனியலோடு இந்தியா முழுக்கச் சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் 144 தகடுகளில் பதித்தவர் வில்லியம். அந்தக் காலத்தில் அக்குவாடின்ட் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றே சொல்லலாம். ஸ்மித்தின் மூல ஓவியமும் டேனியலின் அச்சும் இரண்டுமே இன்று கிடைப்பதால், முதல் கை எங்கே முடிகிறது, இரண்டாம் கை எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்க்கலாம். பழைய அச்சுகளில் இந்த வசதி அபூர்வம்.

அத்தொகுதியில் சஃபோக் மாளிகை இருக்கிறது. அந்தக் கட்டடம் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் இன்றும் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் கட்டியது. பள்ளிக்கூடமாக இருந்து, பிறகு கூரை சரிந்து பாழாகி, 2000களில் மீட்டெடுக்கப்பட்டது. படத்தின் நகலோடு அங்கே போங்கள். மாடி வராந்தாவின் தூண்களையும் சாளர இடைவெளிகளையும் எண்ணுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் படத்திலும் நேரிலும் அளந்து ஒப்பிடுங்கள். பின்னால் இருக்கும் மலைமுகட்டின் வளைவைப் பாருங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாழான கட்டடத்தை மீட்பவர்கள் பழைய படங்களைப் புரட்டாமல் வேலை செய்ய மாட்டார்கள். புதிதாகச் செய்து வைத்த ஒரு பகுதி படத்தோடு பொருந்தினால், அது படத்தின் மெய்யைக் காட்டாது. படத்தைப் பார்த்துச் செய்தது படத்தைப்போல இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மீட்புப் பணி மாற்றியிருக்க முடியாதவற்றை வைத்தே சோதிக்க வேண்டும்: பழைய செங்கல் சுவரின் அமைப்பு, ஆற்றுக்கும் வீட்டுக்கும் உள்ள நிலை, மலை.

இன்னொரு பாடத்தை ஃபார்க்குவார் தெருவில் இருக்கும் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் கற்றுக்கொடுக்கும். 1818இல் கட்டி முடித்தது. அந்தக் கட்டுமானத்தில் ஸ்மித்துக்கு முதன்மைப் பங்கு உண்டு. இன்று அதன் கூரை முக்கோணச் சரிவாக இருக்கிறது. கட்டியபோது மட்டப்பாக் கூரை, சென்னைப் பட்டணத்துக் கட்டடங்களில் வழக்கமான வகை. சென்னையின் மழை வேறு, பினாங்கின் மழை வேறு. இந்த ஊர் வானிலைக்குத் தட்டைக்கூரை ஒத்துவராமல் 1864இல் சரிவுக்கூரையாக மாற்றினார்கள். இது தெரியாமல் பழைய படம் ஒன்றைப் பார்ப்பவர், ஓவியர் கூரையைத் தப்பாக வரைந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதிவிடுவார். படமும் கட்டடமும் முரண்பட்டால், மாறியது கட்டடமாகவும் இருக்கலாம்.

ஸ்மித்தின் குணத்தையும் சாட்சிக்கூண்டில் நிறுத்த வேண்டும். பின்னாளில் டில்லிக்குப் போய்க் குதுப்மினாரைப் பழுதுபார்த்தபோது, அதன் உச்சியில் தன் கற்பனையில் ஒரு மண்டபத்தை வைத்தார். பொருந்தவில்லை என்று 1848இல் கீழே இறக்கிவிட்டார்கள், இன்றும் அது புல்வெளியில் இருக்கிறது. அளவு தெரிந்த பொறியாளர், அதே நேரம் அழகுக்காக எதையாவது கூட்டத் தயங்காதவர். சுவரையும் தூணையும் பற்றி அவர் சொல்வதை நான் பெரிதும் நம்புவேன். முன்னால் நிற்கும் மரமும், ஓரத்துப் பாறையும், மேகமும் அந்தக் காலத்துக் காட்சிப்பட மரபு. இடதுபக்கம் ஒரு கரும்மரத்தை நிறுத்திப் படத்துக்குச் சட்டம் போடுவது அப்போதைய ஓவியர்கள் பலரின் பழக்கம்.

படி 4: ஓவியர் நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்

கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயிலேறுங்கள். ஸ்டிராபெரி குன்றிலிருந்து பார்த்த காட்சி அத்தொகுதியில் உண்டு, அந்த மேடு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. மழைவிட்ட காலையில் போனால் நல்லது, பத்து மணிக்குமேல் மூட்டம் கட்டிவிடும்.

முதலில் மலையைக் கண்டுபிடியுங்கள். கிழக்கே பார்த்து நின்றால் இடப்பக்கம் வடக்கில் தெரிவது குனோங் ஜெராய், கடாரத்துக் கப்பல்களுக்கு அடையாளமாயிருந்த மலை, 1,217 மீட்டர். படத்திலும் அது இடப்பக்கமே இருக்க வேண்டும். செப்புத்தகட்டில் வரைந்தது அச்சில் கண்ணாடிபோல இடம்வலம் மாறி விழும். தேர்ந்தவர்கள் முன்னதாகவே திருப்பி வெட்டிவிடுவார்கள். அவசரத்தில் செய்த மலிவான பிரதிகளில் திருப்ப மறந்துவிடுவதும் உண்டு. துறைமுகத்திலிருந்து நகரைப் பார்க்கும் காட்சியென்றால் கார்ன்வாலிஸ் கோட்டை வலக்கோடியில் வர வேண்டும். இடப்பக்கம் வந்தால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, பழைய படத்தின் அகலத்தோடு பொருத்துங்கள். கிடையாக இரண்டு மலைகளின் இடைவெளி பொருந்துகிறதா? பெரும்பாலும் பொருந்தும். செங்குத்தாக? பெரும்பாலும் பொருந்தாது. மலைகளை உயர்த்தி வரைவது மனிதக் கண்ணின் இயல்பு. நேரில் பார்க்கும்போது பெரிதாகத் தெரிந்த மலை நம் கைப்பேசிப் படத்தில் சிறுத்துப்போவது எல்லோருக்கும் அனுபவம்தானே. எவ்வளவு உயர்த்தியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே படத்தில் இருக்கும் மறைந்த கட்டடத்தின் உயரத்தைக் கணிக்கும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

படி 5: காலத்தைக் கட்டுங்கள்

ஆண்டு போடாத படத்துக்கு முன்னெல்லையும் பின்னெல்லையும் கண்டுபிடிக்க வேண்டும். எது இருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்பதே கணக்கு.

கோட்டையில் தொடங்குங்கள். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது எழுப்பியது நீபோங் மரக்கழி அரண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் செங்கல்லில் கட்டினார்கள். சுற்றியிருந்த அகழியைக் கொசுத்தொல்லைக்குப் பயந்து 1920களில் தூர்த்துவிட்டார்கள். அண்மைக் காலத்தில்தான் தோண்டி மீட்கும் பணி நடந்திருக்கிறது. கோட்டை மூலையில் இரும்புச்சட்டக் கலங்கரை விளக்கம் இருந்தால் படம் 1882க்குப் பிந்தியது. நகரமன்றம் 1880. செயிண்ட் ஜார்ஜ் தேவாலய முற்றத்தில் குவிமாட மண்டபம் இருந்தால் 1886க்குப் பிறகு. தட்டைக்கூரை இருந்தால் 1864க்கு முன்.

கொடியையும் விடாதீர்கள். பிரிட்டனின் ஒன்றியக் கொடியில் மூலைக்கு மூலை ஓடும் சிவப்புப்பட்டை 1801இல்தான் சேர்ந்தது. வண்ணத்தில் ஏமாறலாம் என்றாலும் கோட்டு அமைப்பு பெரும்பாலும் பொய் சொல்லாது.

எல்லாவற்றையும்விட உறுதியான தடயம் கடற்கரை. பீச் தெரு என்ற பெயரே அது கடலோரம் இருந்தது என்று சொல்கிறது. வெல்ட் கீ அலைகரை 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். கிட்டங்கிகளின் பின்கதவு நேரே தண்ணீரில் திறப்பதாகப் படம் காட்டினால் அது தூர்ப்புக்கு முந்திய பினாங்கு. இன்று வெல்ட் கீயில் இறங்கிப் பீச் தெருவை நோக்கி நடந்தால், ஒருகாலத்துக் கடலடியில்தான் நடக்கிறீர்கள்.

நம்மவர் கட்டடங்களுக்கும் இதே முறைதான். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது, இராசகோபுரம் 1933 திருப்பணியில் வந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு இன்றிருக்கும் முகலாயக் குவிமாடத் தோற்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் புதுப்பிப்பில் வந்தது. பள்ளிவாசலோ 1801 வாக்கில் தொடங்கியது. குவிமாடங்களோடு 1850ஆம் ஆண்டுப் படம் என்று யாராவது காட்டினால் விலை பேசாமல் எழுந்துவிடுங்கள்.

படி 6: மறைந்த கட்டடத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஸ்மித்–டேனியல் தொகுதியில் கெலுகோர் மாளிகையும் அதன் வாசனைப்பொருள் தோட்டங்களும் ஒரு படம். ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் பிரவுனின் வீடு அது. 1825இல் அவர் இறந்தார். டத்தோ கிராமாட்டில் இருக்கும் பாடாங் பிரவுன் அவர் பெயரைத் தாங்கியது, அவர் நினைவுச்சின்னமும் அங்கே உண்டு. வீடு இல்லை. இப்படிப்பட்ட படத்தை எடுத்துக்கொண்டு, கொத்தனார் வீடு கட்டும் வரிசையிலேயே கீழிருந்து மேலே எழுதுங்கள்.

அடித்தளம் தரையோடு இருக்கிறதா, தூண்மேல் தூக்கியிருக்கிறதா? சுவர் வழவழப்பான வெள்ளையா? அப்படியென்றால் சுண்ணாம்புச் சாந்து, அதற்கடியில் செங்கல். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து நம் ஊர்க் கொத்துவேலை, கடல்கடந்தும் வந்தது. சுவரில் குறுக்குக்கோடுகள் அடுக்காக இருந்தால் பலகை. பின்னலாக இருந்தால் மூங்கில் தட்டி. கூரையின் சரிவைப் பாகைமானியால் அளந்துவிடுங்கள். அத்தாப்பு ஓலை மழைநீரை வேகமாக இறக்க வேண்டியிருப்பதால் கூரை செங்குத்தாகவே இருக்கும், விளிம்பு பிசிறடித்து முடியும். ஓட்டுக்கூரையின் விளிம்பு நேர்கோடாக இருக்கும். சாளரத்தில் கண்ணாடி வெள்ளையாக மின்னுகிறதா, மரப்பட்டைகளின் கிடைக்கோடுகள் தெரிகின்றனவா? வராந்தா எத்தனைப் பக்கம் சுற்றி வருகிறது?

உயரத்துக்குப் படத்தில் நிற்கும் ஆளை அளவுகோலாக்கலாம், ஆனால் கவனம் தேவை. கட்டடத்தைக் கம்பீரமாகக் காட்ட ஆட்களைச் சிறிதாக்குவது பழைய தந்திரம். ஆளைவிடக் கதவு நம்பத்தக்கது. கதவுக்கும் ஆளுக்கும் உள்ள விகிதம் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறாது. இரண்டையும் ஒப்பிட்டால் ஓவியர் எவ்வளவு ஏமாற்றியிருக்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும்.

எழுதும்போது மூன்று சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்: ‘தெரிகிறது’, ‘ஊகிக்கலாம்’, ‘தெரியவில்லை’. ‘மேல்மாடியில் ஐந்து சாளரங்கள் தெரிகின்றன. செங்கல் சுவர் என்று ஊகிக்கலாம். பின்பக்கம் தெரியவில்லை.’ பின்னாளில் வேறொரு படம் கிடைக்கும்போது எதைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது என்பது இந்தப் பிரிவினையால்தான் தெளிவாகும். ஊகத்தையும் கண்டதையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் உங்கள் குறிப்பு உங்களுக்கே பயன்படாமல் போகும்.

படி 7: படத்துக்கு வெளியே ஒரு சாட்சி

ஒரு படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. 1798இல் ஹோம் பாப்ஹம் வரைந்த நகரப்படம் தெருக்களின் முதல் வலையைக் காட்டுகிறது. 1890களின் கெல்லி நிலஅளவை வரைபடங்கள் கட்டடம் கட்டடமாக எல்லைக்கோடு தரும். 1806இல் தொடங்கிய இத்தீவின் முதல் செய்தித்தாளில் வீடு விற்பனை விளம்பரங்கள் உண்டு. நில ஆவணங்கள், உயில்கள், கல்லறைக் கல்வெட்டுகள் எல்லாம் உதவும். 1811இல் இங்கே வந்துபோன ஜேம்ஸ் வாதன் போன்ற பயணிகள் படத்தோடு உரையும் எழுதியிருக்கிறார்கள். வந்த சில நாளில் அவசரமாக வரைந்தவர் என்பதால் பொறியாளர் ஸ்மித்தைவிட அவர் கோட்டுக்குக் குறைந்த எடையே போடுவேன். ஆனால் பார்த்ததை உடனுக்குடன் எழுதியவர் என்பதால் அவர் சொற்களைத் தள்ளமாட்டேன்.

பெரியவர்களின் தெருப்பெயர்களும் ஒரு சாட்சியே. மார்க்கெட் தெருவைக் கடைத்தெரு என்றும், பினாங்கு தெருவைக் கிட்டங்கித் தெரு என்றும் சொன்ன தலைமுறை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. கட்டடம் போனபின்பும் அங்கே என்ன இருந்தது என்பதை அந்தப் பெயர் வைத்திருக்கும். படத்தின் நகலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, “ஐயா, இந்த இடம் எதுன்னு தெரியுதா?” என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு மூன்று மாதம் விளங்காத ஒரு வளைவை, மீன்சந்தையில் வேலைபார்த்த ஒரு பெரியவர், “இது பழைய படகுத்துறைப் படிதான் தம்பி” என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். வரைபடத்தில் போய்த் தேடினேன். அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது.

படி 8: ஓரத்தில் நிற்பவர்களையும், படத்தில் இல்லாதவர்களையும் தேடுங்கள்

உருப்பெருக்கியைக் கட்டடத்திலிருந்து எடுத்துப் படத்தின் கீழ்மூலைகளுக்குக் கொண்டுபோங்கள். தலையில் சுமையோடு ஒருவர், இடுப்பில் வேட்டியோடு இன்னொருவர், படகை இழுக்கும் நான்கு பேர் என்று ஒரு அரிசிமணி உயரத்தில் ஆட்கள் கிடைப்பார்கள். கட்டடத்துக்கும் அதன் முதலாளிக்கும் தலைப்பில் பெயர் உண்டு. இவர்களுக்குப் பெயர் இல்லை. இத்தீவின் சாலைகளையும் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தையும் உழைத்துக் கட்டியவர்களில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் பெரும்பங்கினர். லைட் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் இங்கே கடைவைத்தும் படகோட்டியும் பிழைத்தார்கள். அவர்கள் நிற்கும் நிலை, உடை, கையிலிருக்கும் கருவி, சுமை ஒவ்வொன்றையும் குறியுங்கள். கட்டடக்கலைக் குறிப்பில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். தூக்குவது செங்கல் என்றால் பக்கத்தில் கட்டுமானம் நடக்கிறது. குடம் என்றால் கிணறோ ஓடையோ இருக்கிறது.

அதேபோல, ஸ்மித்தும் டேனியலும் தந்த பத்துப் படங்களும் பெரும்பாலும் மலை, பங்களா, தோட்டம், கடற்காட்சி. சூலியா தெருவின் உட்புறமோ, நாகூர் தர்கா ஷரீஃபின் முகப்போ, கடைத்தெருவின் ஓலைக்கடைகளோ அவர்கள் தூரிகைக்கு உரிய பொருளாகத் தோன்றவில்லை. ஆகவே எட்சிங்கில் இல்லாதது ஊரிலும் இல்லை என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நம் முன்னோர் இருந்த தெருக்களை மீட்க நில ஆவணங்களும் பள்ளிவாசல், கோயில் கணக்குகளும்தான் முதல் கதவு. அங்கே எட்சிங் துணைச்சாட்சி மட்டுமே.

படி 9: காப்பதும் பதிவதும்

பினாங்கின் ஈரக்காற்றில் பழைய தாளுக்கு முதல் எதிரி பூஞ்சை, அடுத்தது இராமபாணப் பூச்சி. சட்டகத்தின் பின்னால் ஒட்டுப்பலகை வைத்தால் அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டை கேட்டு வாங்குங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் அட்டைச்சட்டம் இருக்கட்டும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம், செய்தால் மீட்கவே முடியாது. பிறப்புப் பத்திரத்தைக்கூட லேமினேட் செய்யும் பழக்கம் நமக்கு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதிவுத்தாள் ஒன்று தயாரியுங்கள். தலைப்பு, மூன்று கைகளின் பெயர், வெளியீட்டு நாள், தகட்டுத் தடத்தின் நீள அகலம் மில்லிமீட்டரில், நீர்க்குறி, ஓவியர் நின்ற இடம், இன்று அங்கே இருப்பது, பிறகு அந்த மூன்று சொல் பட்டியல். யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அச்சின் பின்பக்கத்தில் எண் மட்டும், மெல்லிய பென்சிலால், கீழ் ஓரத்தில். இரண்டு பக்கத்தையும், சாய்வெளிச்சத்தில் ஒருமுறையும் படமெடுத்து, ஒரு பிரதியை உங்கள் வீட்டுக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தாலும் சரி, அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்த்தாலும் சரி.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் 1821 தொகுதியின் ‘வடக்குக் கடற்கரை’ படத்தை அச்செடுத்துக்கொண்டு பாடாங் கோத்தா (எஸ்பிளனேடு) மதிலோரம் போய் மேற்கே பார்த்து நில்லுங்கள். கடைக்காரர்கள் வருமுன், வெளிச்சம் சாய்வாக விழும்போது, கரையின் வளைவை விரலால் படத்தில் தொட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் விரல் நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.